ரோஸ்மேரி பெயரில் ஷைனா பார்த்த வேலை

என் தங்கை ஷைனா கேமன் தீவுகளில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் உதவியாளராக இருக்கிறாள். குன்னூரில் நமக்கு இருட்டும்போது அங்கே விடிகிறது. அவளுக்குக் கிடைத்திருப்பது ஆறு மாதத்துக்கான தற்காலிக வேலை அனுமதி. காப்பகத்தை நடத்தும் அம்மாவே பொறுப்பேற்று விண்ணப்பித்து வாங்கிக் கொடுத்தார். எப்படிக் கிடைத்தது என்று சர்ச்சில் பலரும் கேட்கிறார்கள். ஆளுக்கொரு மாதிரி சொல்லக் கூடாது என்பதற்காக நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

எங்கள் அம்மா பெயர் ரோஸ்மேரி. தேயிலை எஸ்டேட்டின் கிரீச்சில் ஆயாவாக இருந்தவர். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் குழந்தைகளை அங்கே விட்டுப் போவார்கள். 2017-இல் அம்மாவுக்கு இரைப்பு அதிகமாகி, குழந்தையைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. அப்பா இறந்ததால் நர்ஸ் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ஷைனா வீட்டில் இருந்தாள். அம்மாவுக்குப் பதில் அவள் கிரீச்சுக்குப் போனாள். எஸ்டேட்டில் இது வழக்கம். தாய்க்கு முடியவில்லை என்றால் மகளோ மருமகளோ போய் நிற்பாள். வருகைப் பதிவில் தாயின் பெயரே ஓடும். ஜூலை 2017 முதல் மார்ச் 2023-இல் அம்மா ஓய்வு பெறும்வரை, ஐந்து வருடம் ஒன்பது மாதம் அப்படியே நடந்தது. அதன்பின் ஷைனா குன்னூரில் ஒரு துணிக்கடையில் நின்றாள்.

எங்கள் சர்ச்சைச் சேர்ந்த ஜாபேஸ் அந்தத் தீவில் ஓட்டல் சமையல்காரர். அவர் சொல்லித்தான் காப்பகத்து அம்மா வீடியோவில் ஷைனாவிடம் பேசினார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஷைனா நிறுத்தி, "மேடம், பின்னாடி ஒரு குழந்தை ஷூவை மாத்திப் போட்டிருக்கு, விழுந்துடும்" என்றாள், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். அந்த அம்மாவுக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

பாஸ்போர்ட், போலீஸ் சான்று, கோயம்புத்தூரில் எடுத்த மருத்துவ அறிக்கை, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் வரிசையாக ஃபைலில் வைத்தேன். மிச்சம் ஒன்றுதான். குழந்தைகளைப் பார்த்துக்கொண்டதில் குறைந்தது மூன்று வருட அனுபவம் என்று வேலை பார்த்த இடத்துக் கடிதம் வேண்டும்.

எஸ்டேட் ஆபீஸில் கிளார்க் சாந்தாமணி பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ரோஸ்மேரின்னுதானுங்க இருக்குது. ஷைனான்னு ஒரு நாள்கூட இல்லீங்களே."

நான் அதே எஸ்டேட்டின் ஃபேக்டரியில் வேலை செய்கிறவன். எல்லாம் தெரிந்தும் எனக்கு இது தோன்றவே இல்லை.

டவுனில் ஒருவர், எந்த எஸ்டேட் பெயரில் வேண்டுமானாலும் சான்று அடித்துத் தருவதாகச் சொன்னார். ஷைனாவிடம் சொன்னேன்.

"அண்ணா, அந்தம்மா என்னைய நம்பிப் புள்ளைங்கள உடப்போறாங்க. பொய்க் காகிதத்தோட போயி நிக்கட்டுமா?"

"நீ வேலை செஞ்சது நெசந்தானே?"

"அப்ப நெசத்தையே எழுதி வாங்கிக் குடு."

நிஜத்தை எழுதினால், பெயரை மாற்றிப் பதிந்த சூப்பர்வைசர் சுப்பண்ணன் மாட்டுவார். அவர் ஓய்வு பெற எட்டு மாதம்தான் இருந்தது. அவரிடம் கேட்காமல் ஆபீஸ் படி ஏறக்கூடாது என்று ஷைனா சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி அம்சவேணி டீ கொடுத்தார். ஷைனா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஏனம்மிணி, இத்தன வருசமா நான் பொய் எழுதுனேன்னு சொல்லவா வந்திருக்கற?"

"உங்கள மாட்டிவுட வரலீங்க. வேண்டாம்னு சொல்லுங்க, இந்த வேலைய நான் உட்டுர்றேனுங்க."

"எட்டு மாசம் பொறுத்துக்கிட்டா ஆகாதா?" என்றார் அம்சவேணி.

"எட்டு மாசம் அந்த வேலை இவளுக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா?" என்று சொல்லிவிட்டு, சுப்பண்ணன் ஷைனாவைப் பார்த்தார். "என்ற பேரன் உன்ற தோள்லதான் தூங்குனான். உன்ற துணியிலதான் வாந்தி எடுத்தான். அதுக்கெல்லாம் ரோஸ்மேரின்னு எழுதுனவன் நாந்தான். நாளைக்கு ஒம்பது மணிக்கு ஆபீசுக்கு வாங்க."

அம்சவேணி டம்ளர்களைச் சத்தமாக எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மேனேஜர் புதியவர், ஷைனாவைத் தெரியாதவர். கேட்டதும் சுப்பண்ணன் மேல் கோபப்பட்டார். "இந்தப் பொண்ணுதான் வேலை செஞ்சாங்கன்னு என்ன அத்தாட்சி?" என்றார். சுப்பண்ணன் கக்கத்திலிருந்த ஆறு நோட்டுகளை மேசைமேல் வைத்தார். கிரீச்சில் தினமும் எழுதும் நோட்டுகள் அவை. மேனேஜர் ஒன்றைப் பிரித்து வாய்விட்டுப் படித்தார்.

"கவின் கஞ்சி குடிக்கவில்லை, பல் முளைக்கிறது. மித்ரா பத்தரை முதல் பன்னிரண்டுவரை தூங்கினாள். புதுச் சொல்: காக்கா."

எங்கள் அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும் என்றேன். மேனேஜர் ஒரு தாளை நீட்டி அதே வரிகளை எழுதச் சொன்னார். ஷைனா எழுதினாள். இரண்டையும் பக்கத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தார்.

"புதுச் சொல்னு எதுக்கு எழுதினீங்க?"

"குழந்தை முதமுதல்ல பேசறத அம்மாதானுங்க சார் கேக்கணும். அவங்க காட்டுல இருக்கறப்ப நான் கேட்டுர்றேன். எழுதியாவது வெக்கணுமில்லீங்களா?"

மேனேஜர் தானே உட்கார்ந்து கடிதத்தை ஆங்கிலத்தில் டைப் செய்தார். பதிவில் இருக்கும் பெயர் ரோஸ்மேரி, அந்த நாட்களில் கிரீச்சில் வேலை செய்தவர் அவர் மகள் ஷைனா, இதை நோட்டுகளைப் பார்த்து உறுதி செய்கிறேன் என்று எழுதினார். சுப்பண்ணனுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். அதோடு விட்டார். சுப்பண்ணன் அங்கேயே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

வீட்டில் அம்மாவுக்கு ஷைனாவின் கடிதத்தைத் தமிழில் படித்துக் காட்டினேன். "என் பேரு எதுக்குடா நடுவுல? எடுத்துறச் சொல்லு" என்றார்.

தப்பு நடந்ததை ஒப்புக்கொண்டு ஆரம்பிக்கிற கடிதத்தை யார் ஏற்பார்கள் என்று எனக்குப் பயம்தான். நோட்டுப் பக்கங்களின் நகலோடு அனுப்பி இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் காப்பகத்து அம்மா வீடியோவில் வந்து, நோட்டின் ஒரு பக்கத்தைக் காட்டி அர்த்தம் சொல்லச் சொன்னார். ஷைனா ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். 'புதுச் சொல்' என்ற கடைசி வரியில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றே காகிதங்களை அந்த ஊர் வேலை அனுமதி அலுவலகத்தில் கொடுத்துவிட்டதாக ஜாபேஸ் சொன்னார்.

இருபத்துமூன்றாம் நாள் அனுமதி வந்தது. ஷைனா கடையில் இருந்தாள். நான் பிரின்ட் எடுத்துக்கொண்டு நேரே தேயிலைக் காட்டுக்கு ஏறினேன். சுப்பண்ணன் கண்ணாடியை மாட்டி, விரல் வைத்துப் பெயரைத் தேடினார். கண்டதும், காலையில் ஆள் கணக்கெடுக்கிற அதே குரலில் கூப்பிட்டார்.

"ஷைனா!"

கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். கவினின் அம்மா மேல் வரிசையிலிருந்து கத்தினாள்:

"அவ இனி நம்ம கணக்குல இல்லீங்க, தீவுல எழுதிக்குவாங்க!"

காடே சிரித்தது. சுப்பண்ணன் தாளை மடிக்காமல் இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார்.