நான் செய்யாத குற்றத்துக்கு நான் கேட்ட மன்னிப்பு

போன வருஷம் ஈஸ்டர் முடிந்த கையோடு என்மேல் போலீஸ் கேஸ் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரியின் மண்டையை இரும்புக் கம்பியால் உடைத்தேன் என்று புகார். என் பெயர் லில்லி. கோலார் தங்கவயலில், மாரிகுப்பம் பக்கத்தில், சுரங்கத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் குடியிருக்கிறேன். தினமும் காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்குப் போய், ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு உதவியாளராக வேலை பார்க்கிறேன். அடிபட்டு வருகிறவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. அடிக்கிற வேலை எனக்குத் தெரியாது. வாய் மட்டும் கொஞ்சம் நீளம், அதை மறைக்கவில்லை.

அன்றைக்கு எங்கள் லைனுக்கு டேங்கர் தண்ணீர் வந்திருந்தது. டேங்கர் வந்துவிட்டால் எங்கள் லைனில் யாருக்கும் யாரும் சொந்தமில்லை. பக்கத்து வீட்டு புஷ்பாவும் நானும் ஒரே சபை, ஒரே பாடகர் குழு. என்ன பிரயோஜனம்? யார் டிரம் முன்னால் என்று இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தினோம். கத்திக்கொண்டே திரும்பியவள் டேங்கரின் ரப்பர் குழாயில் கால் தடுக்கி விழுந்தாள். சிமெண்ட் திட்டின் விளிம்பு நெற்றியில் இடித்து ரத்தம் கொட்டியது. என் முந்தானையைச் சுருட்டிக் காயத்தில் வைத்து அழுத்திப் பிடித்தவளே நான்தான்.

சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. புகார் கொடுக்க புஷ்பாவைக் கூட்டிப்போனவர் அவள் கொழுந்தன் சேகர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே பின்பக்கம் ஒரு சந்து இருக்கிறது. அதை மறித்து ஷெட் போட அவர் பார்த்தார், நான் விடவில்லை. அந்தக் கோபம் அவர் மனதில் புகைந்துகொண்டே இருந்தது. புஷ்பா கணவனை இழந்தவள், கொழுந்தன் சம்பாத்தியத்தில் இருக்கிறவள், அவர் பேச்சை மீற முடியாது. எங்கள் லைனில் வீட்டுக்கு வீடு சுரங்கத்துத் துளைக் கம்பி ஒன்று துணி காயப்போட நட்டிருப்போம். அந்த மாதிரிக் கம்பியைத்தான் நான் தூக்கி அடித்தேனாம். அதைப் பிடுங்கவே இரண்டு ஆள் வேண்டும்!

ஸ்டேஷனில் என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டு ஜாமீனில் என்னை வீட்டுக்குக் கூட்டிவந்தார். அன்று நான் சாப்பிடவில்லை. மருத்துவமனையில் என்னை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் போலீஸ் விசாரணைச் சான்று கேட்பார்கள். குற்றவாளி என்று கோர்ட் சொல்லிவிட்டால் வேலையும் போகும், மானமும் போகும். ஆண்டவரே, ஓடிப்போய் ரத்தத்தை நிறுத்தியதற்கு இதுவா கூலி என்று அழுதேன். கோபமாகத்தான் ஜெபித்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

இங்கே எங்கள் சபையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின நாள், யாரோடு மனஸ்தாபமோ அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்போம். யார் பக்கம் தப்பு என்று பார்ப்பதில்லை. அந்த வீட்டுக்காரரும் பதிலுக்கு நம்மிடம் மன்னிப்புக் கேட்பார். பிறகு காப்பி குடித்துவிட்டு வருவோம். சுரங்கம் ஓடிய காலத்தில் ஷிஃப்டுக்குக் கீழே இறங்கியவர் மேலே வருவாரா என்பது யாருக்கும் தெரியாது. மனதில் பகையை வைத்துக்கொண்டு இறங்கக் கூடாது என்று பெரியவர்கள் வைத்த பழக்கம். சுரங்கம் மூடிப் பல வருஷமாகியும் நாங்கள் அதை விடவில்லை.

அதன்படி நான் புஷ்பா வீட்டுக்குப் போனேன். கால் கூசியது. போனேன்.

"என்னால உனக்கு இன்னா கஷ்டம் வந்திருந்தாலும் மன்னிச்சுடு புஷ்பா," என்றேன்.

"நீயும் என்னை மன்னிச்சுடுக்கா," என்று அவள் அழுதாள். காப்பி கொடுத்தாள். சேகர் கூடத்தில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். விஷயம் இதோடு முடிந்தது என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். எவ்வளவு அப்பாவி நான்!

சில மாதங்கள் கழித்து கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. அன்றிலிருந்து ஆளாளுக்கு ஆலோசனை. என் வீட்டுக்காரர் ராபர்ட்சன்பேட்டையில் வெல்டிங் பட்டறையில் இருக்கிறார், தங்கமான மனுஷன், ஆனால் கோர்ட் என்றாலே நடுங்குவார். "ஒத்துக்கினு ஃபைன் கட்டிடலாம் லில்லி. ஒரே நாள்ல முடிஞ்சுடும். இன்னாத்துக்கு அலையணும்?" என்றார். கோர்ட் வராந்தாவில் முன்பின் தெரியாத ஒருவரும் அதையே சொன்னார். எங்கள் சபைப் போதகர் ஐயர்கூட, "சமாதானமா முடியறதுன்னா யோசிச்சுப் பாருங்கம்மா," என்றார்.

எனக்கோ தலை முழுக்கக் கேள்விகள். ஒப்புக்கொண்டால் ஜெயிலா, ஃபைன் மட்டுமா? வேலைக்கு ஆபத்து வருமா? வக்கீல் வைக்க வழியில்லாதவள் என்ன செய்வாள்? புஷ்பாவும் நானும் ராஜியானால் கேஸ் போய்விடுமா? கோர்ட்டில் கன்னடத்தில் பேசினால் எனக்கு யார் விளக்குவார்கள்? கன்னடம் சரளமாகப் பேசுவேன், படிக்க வராது, சட்டக் கன்னடமோ சுத்தமாகப் புரியாது. இதையெல்லாம் வெளியில் கேட்க வெட்கம். அதனால் ஆண்டவரிடமே கேட்டேன். ரயிலில் ஜன்னலோரம் தலையைச் சாய்த்து, தூங்குகிறவளைப் போல் கேட்டுக்கொண்டே போவேன். ஒருநாள் என் மனதில் தெளிவாகப் பட்டது: என்னிடம் கேட்கிற வாயால் அங்கேயும் போய்க் கேள். வேறு சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அன்றோடு என் வெட்கம் விட்டது.

முதல் வாய்தா நாளில் நீதிபதி, "வக்கீல் இருக்காரா?" என்று கேட்டார். இல்லை ஐயா, வைக்க வசதியும் இல்லை என்று தலை நிமிர்ந்து சொன்னேன். அதே கட்டிடத்தில் இலவச சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது, அங்கே போங்கள் என்றார். அங்கே போனால்தான் தெரிகிறது, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் கொடுப்பார்களாம். சகோதரிகளே, இத்தனை வயதுக்கு இது எனக்குத் தெரியாது. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எனக்குக் கிடைத்த வக்கீல் சௌம்யா, கோலார்ப் பெண், என் மகள் வயது இருக்கும். வீட்டில் கன்னடம் பேசுகிறவள், தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசினாள். நான் கேள்விகளைக் கொட்டினேன். "ஹெதரபேடி அம்மா, பயப்படாதீங்க, ஒண்ணொண்ணா கேளுங்க," என்றாள். ஒப்புக்கொண்டால் ஃபைனோடு போனாலும் அது தண்டனைதான், குற்றவாளி என்று பதிவாகிவிடும் என்றாள். ஆயுதம் என்று எழுதிவிட்டதால் நாங்கள் இரண்டு பேரும் கைகுலுக்கினால் மட்டும் கேஸ் போகாது என்றாள். குற்றப்பத்திரிகை நகல் எனக்கு இலவசமாகத் தர வேண்டும், சாட்சிகள் பேசுவதை எனக்குப் புரிகிற மொழியில் விளக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றாள். போலீஸிடம் நான் சொன்ன எதையும் குற்ற ஒப்புதல் என்று கோர்ட்டில் காட்ட முடியாது என்றும் சொன்னாள். எனக்குப் பாதி உயிர் வந்தது.

பிறகு நகலைப் புரட்டியவள் நிறுத்தினாள்.

"அம்மா, நீங்க அவங்க வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டீங்களா?"

"ஆமாம்மா."

"செய்யாத தப்புக்கு ஏன் கேட்டீங்க?"

புஷ்பாவும் சேகரும் அதற்குப் பிறகு போலீஸில் கொடுத்த வாக்குமூலத்தில் அதைச் சொல்லியிருந்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள் என்று. போலீஸிடம் சொன்னது வேறு, அக்கம்பக்கத்தாரிடம் சொன்னதை கோர்ட் கவனிக்கும் என்றாள் சௌம்யா. எங்கள் வழக்கத்தை விளக்கினேன். தப்பு செய்யாதவர்களும் கேட்போம் என்றேன். "எனக்குப் புரியுது அம்மா. கோர்ட்டுக்குப் புரியணுமே. உங்க சர்ச்சிலிருந்து யாராவது வந்து சொல்வாங்களா?" என்றாள்.

ஐயரிடம் போனேன். "ரெண்டு பேரும் என் சபைப் பிள்ளைங்க. ஒருத்தருக்கு எதிரா நான் எப்படிம்மா கூண்டுல ஏறுவேன்?" என்று கையைப் பிசைந்தார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கர்த்தருக்காகச் செய்த ஒரு காரியமே என் கழுத்துக்குக் கயிறானதே என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தேன். அதன்பின் பல வாரம் நான் ஜெபித்தது புஷ்பாவுக்கு எதிராகத்தான். அவளைத் தண்டியும் ஆண்டவரே, அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளட்டும் என்று.

அந்த ஜெபம் எனக்கே கசந்தது. ஒரு ஞாயிறு ஆராதனையில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். பாடவில்லை, தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் மட்டும் மாட்டிக்கொள்ளவில்லை, இவளும் மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு ஜெபத்தை மாற்றினேன். ஆண்டவரே, அவள் நாக்கைக் கட்ட வேண்டாம், அவிழ்த்துவிடும். அவள் வாயில் உண்மை வரட்டும், அதற்கு அவளுக்குத் தைரியம் கொடும். ஒவ்வொரு காலையும் ரயிலில் இதே ஜெபம்தான். வீட்டுக்காரர் மறுபடி, "ஒத்துக்கலாமே," என்று ஆரம்பித்தபோது, "செய்யாததைச் செஞ்சேன்னு ஒத்துக்க மாட்டேன். அந்தப் பேச்சை விடுங்க," என்று முடித்துவிட்டேன்.

குற்றச்சாட்டை வாசித்து, ஒப்புக்கொள்கிறீர்களா என்று நீதிபதி கேட்ட நாளில், "இல்லை ஐயா, நான் அடிக்கவில்லை," என்று அந்த அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

சாட்சி விசாரணை வந்தது. முதல் சாட்சி புஷ்பா. அரசு வக்கீல் கேட்டதற்கு, லில்லி கம்பியால் அடித்தாள், பிறகு வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டாள் என்று மனப்பாடம் ஒப்பிப்பதைப் போல் சொன்னாள். அடுத்து சௌம்யா எழுந்தாள். கன்னடத்தில் கேட்டாள், எனக்காக ஒருவர் தமிழில் சொன்னார்.

"லில்லி மன்னிப்புக் கேட்டதும் நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

புஷ்பா வாசலோரம் நின்ற சேகரைப் பார்த்தாள். சௌம்யா மறுபடி கேட்டாள்.

"நானும் மன்னிப்புக் கேட்டேன்."

"நீங்கள் லில்லியை அடித்தீர்களா?"

"ஐயோ, இல்லை."

"அடிக்காத நீங்கள் ஏன் மன்னிப்புக் கேட்டீர்கள்?"

புஷ்பா என்னைப் பார்த்தாள். அத்தனை மாதத்தில் அன்றுதான் என் கண்ணைப் பார்த்தாள். கன்னடத்தில் ஆரம்பித்தவள் தமிழுக்கு மாறிவிட்டாள்.

"அது எங்க சபை வழக்கம்ங்க. தப்பு பண்ணாதவங்களும் கேப்போம்."

"அப்படியானால் லில்லி கேட்டதும் அந்த வழக்கத்தால்தானா?"

"ஆமா."

"உங்கள் காயம் எப்படி வந்தது?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆண்டவரே, இப்போது, இப்போது என்று மட்டும் சொன்னேன்.

"குழாய் தடுக்கி விழுந்தேன். லில்லியக்கா அடிக்கல. ரத்தத்தை அவங்கதான் நிறுத்தினாங்க," என்று சொல்லிவிட்டு, கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். சேகர் வெளியே போய்விட்டார்.

மற்ற சாட்சிகளும் முடிந்து தீர்ப்பு வர இன்னும் சில வாய்தாக்கள் ஆயின. குற்றம் நிரூபிக்கப்படவில்லை, விடுதலை என்றார் நீதிபதி. நான் அங்கேயே கைகூப்பி நின்று அழுதேன். சௌம்யாவுக்கு எங்கள் ஜெபமெல்லாம் பழக்கமில்லை. ஆனாலும், "அவங்க இப்படிச் சொல்வாங்கன்னு நான் நினைக்கவே இல்லை அம்மா," என்றாள். நான் நினைத்தேன். கேட்டும் இருந்தேன். மருத்துவமனையில் தீர்ப்பின் நகலைக் கொடுத்தேன், வேலையும் நிரந்தரமாகிவிட்டது. உண்மை சொன்னதற்காக புஷ்பாவுக்கு வீட்டில் பேச்சு விழுந்தது. கொஞ்ச நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாள். டேங்கர் வந்தால் இன்றைக்கும் சண்டை போடுகிறோம், அது வேறு.

இப்போது லைனில் யாருக்கு சம்மன் வந்தாலும் என்னைத் தேடி வருகிறார்கள். நான் சட்டம் படித்தவள் அல்ல, அவர்களை சட்ட உதவி அலுவலகத்துக்குக் கூட்டிப்போகிறேன், அவ்வளவுதான். போன மாதம் வந்தவர் யார் தெரியுமா? சேகர். பங்காரப்பேட்டை ரோட்டில் அவர் பைக் ஒருவர்மேல் மோதி கேஸ் ஆகிவிட்டது. "தப்பு அந்தாளு மேலதான் லில்லியக்கா. ஆனா ஒத்துக்கினா சீக்கிரம் முடிஞ்சுடும்னு சொல்றாங்க. இன்னா பண்ணட்டும்?" என்று வாசலில் நின்றார். ஒப்புக்கொள், நன்றாக ஒப்புக்கொள் என்று சொல்ல என் நாக்கு எப்படித் துடித்தது என்பது கர்த்தருக்குத்தான் தெரியும்! உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். வெளியே வந்து, "யார் சொன்னாலும் ஒத்துக்காதீங்க. முதல்ல வக்கீலைப் பாருங்க, வாங்க நான் வர்றேன்," என்றேன். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு அவரோடு நடந்தேன். விடுதலை என்று நீதிபதி சொன்ன நாளைவிட, அந்த நடையில்தான் நான் முழுதாக விடுதலையானேன்.

அன்பானவர்களே, உங்களில் யாராவது இப்போது கேஸ், சம்மன் என்று தூக்கமில்லாமல் இருக்கலாம். எல்லாக் கேஸும் என்னுடையதைப் போலவே முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளாதீர்கள். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அலைச்சலுக்குப் பயந்து செய்யாததைச் செய்தேன் என்று சொல்லாதீர்கள். முழங்காலில் நின்று கேளுங்கள், எழுந்துபோய் வக்கீலிடமும் கேளுங்கள். உங்களுக்கு எதிராக நிற்கிறவருக்காகவும் ஒரு வார்த்தை ஜெபியுங்கள், அது கஷ்டம்தான், எனக்கும் கஷ்டமாகவே இருந்தது. என்னைக் கைவிடாத தேவன் உங்களையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். நாளைக்கே கிளம்புங்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால் எங்கள் லைனில் லில்லி வீடு எது என்று கேளுங்கள், நான் வருகிறேன்.