திட்டுக்கு எதிரே நடந்த கல்யாணம்

எங்கள் வீட்டு வாசலில் நின்றால் எதிரே கொள்ளிடம். நடு ஆற்றில் ஒரு திட்டு. அதில் நீர்மருதும் கருவேலமும் அடர்ந்து கிடக்கும். மழைக்காலம் தொடங்கினால் போதும், கொக்கு, நாரை, நீர்க்காகம் எல்லாம் வந்து இறங்கிவிடும். ஒரு கிளை பாக்கி இருக்காது. குஞ்சு பொரித்த பிறகு அவை போடுகிற கூச்சல் இருக்கிறதே, வீட்டுக்குள் நாங்களே கத்தித்தான் பேச வேண்டும். வாடை வேறு. எனக்கு அந்த வாடையும் பிடிக்கும்.

சிதம்பரத்துக்குச் சாமி பார்க்க வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து எங்கள் கரைக்கும் வருவார்கள். கட்டுச்சோற்றைப் பிரித்து வைத்துவிட்டு, சாப்பிட மறந்து, ஆற்றையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். அம்மா அவர்களுக்கு மோர் கொடுப்பாள். எவராவது கைதட்டிப் பறவையைக் கிளப்பினால் வசவும் கொடுப்பாள். கோடையில் ஆறு வற்றி, பறவைகளும் போன பிறகு, ஊரே வண்டி கட்டிக்கொண்டு போய் எச்சம் ஊறிய திட்டு மண்ணை அள்ளிவரும். அந்த மண் விழுந்த வயலில் நெல் நிற்கிற அழகே தனி.

இதற்கெல்லாம் ஊர் செய்த ஒரே கைம்மாறு, குஞ்சுகள் பறக்கும்வரை வேட்டு போடாமல் இருந்தது. தீபாவளிக்குக்கூட மத்தாப்பு மட்டும்தான். வேட்டுச் சத்தத்தில் தாய்ப்பறவைகள் ஒட்டுமொத்தமாக எழும்பினால், கூட்டு ஓரத்தில் நிற்கிற குஞ்சுகள் தண்ணீரில் விழும். விழுந்தது போனதுதான்.

அறுபதுகளின் நடுவில், ஒரு தை மாதம் எனக்குக் கல்யாணம். எங்கள் வீட்டிலேயே முகூர்த்தம். மாப்பிள்ளைக்குக் கடலூர், அவர் அப்பா அங்கே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்தார். வேட்டு கூடாது என்று அப்பா அவர்களிடம் சொல்லவே இல்லை. மறைக்கவில்லை. தை மாதத்தில் வேட்டு போடுகிற மனிதர்களும் உலகத்தில் உண்டு என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை பிளஷர் காரில் வந்தார். பின்னால் லாரியில் உறவுக்காரர்கள், அவர்களோடு ஒரு வேட்டுக்காரர். அவர் குதித்து இறங்கிய கையோடு ஆற்றங்கரையில் அதிர்வேட்டுக் குழாய்களை ஊன்ற ஆரம்பித்துவிட்டார். அப்பா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சம்பந்தியிடம் விஷயத்தைச் சொன்னார். மாமனார் ஒப்பவில்லை. வேட்டுச் சத்தம் இல்லாமல் தன் மகன் பெண் வீட்டுப் படி ஏறினால் நாலு பேர் சிரிப்பார்கள் என்றார்.

அப்பா சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "சாவுக்குக்கூட நாங்க வேட்டு போடறதில்லீங்க சம்பந்தி" என்றார்.

கல்யாண வாசலில் பேசுகிற பேச்சா அது? கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட நான் தலையில் அடித்துக்கொண்டேன். மாமனாருக்கு முகம் சிவந்துவிட்டது. வேட்டு போட விடாவிட்டால் கார் இப்படியே திரும்பும் என்றார்.

 அப்பா நிமிர்ந்து நின்று, "எம் பொண்ணு இன்னொரு முகூர்த்தத்துக்குக் காத்திருப்பா. குஞ்சுங்க காத்திருக்காதுங்க" என்றார்.

 வாசல்வரை வந்த மாப்பிள்ளை திரும்பிப் போனால், அந்தக் காலத்தில் பெண்ணுக்கு இன்னொரு முகூர்த்தம் ஏது? மேளக்காரர்கள்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அப்போது மாப்பிள்ளை காரை விட்டு இறங்கினார். வேட்டுக்காரரிடமிருந்து தீப்பெட்டியை வாங்கித் தன் பட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மாமா சொல்கிறபடியே நடக்கட்டும், வேட்டெல்லாம் நம் ஊரில் போய் வைத்துக்கொள்ளலாம் என்று தன் அப்பாவிடம் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் படி ஏறினார். அந்த மனுஷனை எனக்கு அந்த நிமிஷமே பிடித்துவிட்டது. மாமனார் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார். தாலி ஏறியது. சாப்பிட்டு முடித்து ஆற்றங்கரைப் பக்கம் போய்ப் பறவைகளையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்ட மாமனாரை, கிளம்புகிற நேரத்தில் ஆள் அனுப்பித்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

எனக்கு மட்டும் ஆறவில்லை. காரில் ஏறுமுன் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். நான் காத்திருப்பேன் என்று என்னைக் கேட்காமல் எப்படிச் சொல்லலாம், ஒரு வார்த்தை உள்ளே வந்து கேட்டால் என்ன என்று பொரிந்து தள்ளினேன்.

"கேட்டிருந்தா என்னம்மா சொல்லியிருப்ப?" என்றார்.

"காத்திருக்கேன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றேன், கோபம் குறையாமலே.

அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, அத்தனை பேர் நடுவில் அழுதார்.