தாருக்குள் இருந்த ஆற்றுக் கல்

தார் உருகும் வாசனை... இன்றைக்கும் அது மூக்கில் ஏறினால் என் உள்ளங்கை வியர்த்துவிடும்.

அறுபதுகளின் ஆரம்பம். ஹட்டன் பஜாரில் ரேடியோ கடை போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பேட்டரி ரேடியோவைக் கரண்ட்டில் பாட வைக்கும் எலிமினேட்டர் பெட்டிகள் இரண்டைக் கொழும்பில் ஒருவரிடம் வாங்கி வந்திருந்தேன். திறந்து பார்க்கவில்லை. தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம். கனமென்றால் உள்ளே நல்ல டிரான்ஸ்போமர்... அவ்வளவுதான் என் பரீட்சை.

வெள்ளிக்கிழமை காலை, கடை திறந்ததும் மாரிமுத்து அண்ணன் வந்தார். நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்தில், ஸ்டோர் என்கிற தேயிலை ஃபாக்டரியில் இஞ்சின் டிரைவர். ஸ்டோர் கரண்ட் அவர் வீட்டுக்கும் உண்டு.

"தூக்கிப் பாருங்கண்ணே, கனத்தப் பாருங்க!" என்று சொல்லியே ஒன்றை விற்றேன்.

மற்றதை மேசையில் ஓட விட்டேன். ஒரு மணி நேரத்தில் அந்த வாசனை... பெட்டியின் அடியில் கறுப்பாக ஒழுகியது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திருகாணிகளைக் கழற்றினேன்.

டிரான்ஸ்போமரே இல்லை!

தாரை ஊற்றி, அதற்குள் இரண்டு ஆற்றுக் கல், சூடேறும் ஒரு ரெசிஸ்டர். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் மொத்தமான செப்புக் கம்பி. சுவரிலிருந்து வரும் கரண்ட் நேராக ரேடியோவின் தகட்டுக்கே போகிறது. மழைக்காலம் வேறு... ஈரக் காலோடு யாராவது ரேடியோவைத் தொட்டால்?

கடையைப் பூட்டினேனா என்றுகூட நினைவில்லை. பஸ்ஸுக்கு ஓடினேன்.

"அண்ணே, கொஞ்சம் வெரசாப் போகச் சொல்லுங்க."

"ஏன், பொண்டாட்டிக்கு வலி எடுத்துருச்சா?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

வழி நெடுக ஒரு பொய்யைத் தயார் செய்தேன். மாடல் மாறிப்போச்சு, திருப்பிக் கொடுங்க... உண்மையைச் சொன்னால் கடை பேர் போய்விடும்.

வாசலை மிதித்தபோது, மாரிமுத்து அண்ணனின் மனைவி செல்லம்மா அக்கா மலையில் கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். இடுப்பில் சுற்றிய ஈரச் சாக்குப் படங்கு, வெறும் கால். ரேடியோவுக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார்!

"தொடாதீங்கக்கா!"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "இன்னும் போடலயே தம்பி! ராகுகாலம் கழிஞ்சாத்தான் போடணும்னு காலையிலேயே சொல்லிட்டேன்."

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு ஏழு நிமிஷம்.

தயார் செய்த பொய் வாயில் வரவில்லை. உள்ளேயிருந்து மாரிமுத்து அண்ணனும் வர, அவர்கள் கண்முன்னாலேயே பெட்டியைத் திறந்தேன். அண்ணன் தாரிலிருந்து ஒரு கல்லை நெம்பி எடுத்து, உள்ளங்கையில் வைத்து நிறுத்துப் பார்த்தார்.

"கனத்தப் பாருங்கன்னீங்களே தம்பி... கனந்தான்!"

அவர் சிரித்தார். நான் அவர் காசை எண்ணித் திருப்பிக் கொடுத்தேன்.

அதன்பிறகு, வாங்குகிறவர் முன்னால் திறந்து காட்டாமல் ஒரு பெட்டியும் என் கடையிலிருந்து போனதில்லை.

இப்போது பேரன் வாங்கித் தந்த சார்ஜர் தீப்பெட்டி அளவுதான். கனமே இல்லை. திறந்து பார்க்கலாம் என்றால் ஒரு திருகாணிகூடக் கிடையாது. நம்பித்தான் சொருக வேண்டியிருக்கிறது...

சொருகிவிட்டு, பேரன் பார்க்காத நேரத்தில், குனிந்து ஒருமுறை மோந்து பார்த்துக்கொள்கிறேன்.