சுண்ணாம்புக் கோடு

நாவுல ஊர்ப் பக்கம் ஓடும் ஆற்றின் நீர்மட்டத்தை அளந்து எழுதுவது என் வேலை. காலை ஏழு மணி, மாலை ஐந்து மணி; வெள்ளம் வந்தால் அதன் உச்சத்தையும் எழுத வேண்டும். மற்ற நேரம் தண்ணீர் எப்படிப் போனால் எனக்கென்ன என்றிருந்தேன்.

அன்று நடுப்பகலில் வெள்ளம் ஏறியது. நான் வீட்டில் படுத்துக் கிடந்தேன். ஐந்து மணிக்குப் போனபோது ஏழடிதான் இருந்தது. கூசாமல் அதையே எழுதினேன்.

பாலத்தடியில் வெற்றிலைக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், எல்லோருக்கும் 'நானா', கூப்பிட்டார்.

"தம்பி, தண்ணி ஆக உசரமா ஏறி நின்ன எடத்துல, தூண்ல சுண்ணாம்பு தடவி வச்சிருக்கேன். அளந்துக்கங்க."

பதினோரு அடி! ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவேயில்லை. தலைகுனிந்து திருத்தி எழுதினேன்.

பிறகு புதுப் பாலத்தின் உயரத்தை அந்தப் பதினோரு அடியை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். பெருமழையில் பஸ் அதைக் கடக்கும்போதெல்லாம், கீழேயே ஓடும் வெள்ளத்தைப் பார்த்து, சுண்ணாம்பு படிந்த நானாவின் விரலை நினைத்துக்கொள்கிறேன்.