ரெமிஜியஸ் தட்டிப் பார்த்த மரம்

தாவரவியல் தோட்டத்தில் பதினோரு ஆண்டு வேலை பார்த்தும் ரெமிஜியஸுக்குச் செடிகொடிகள் மேல் பெரிய பாசம் ஏற்படவில்லை. மரத்தை அவர் கூரையாகத்தான் பார்த்தார். கூரை என்றால் விழக்கூடியது. கோலார் தங்கவயலில், சுரங்கத்தை மூடும்வரை பத்து வருடம் பூமிக்கடியில் கிடந்தவரிடம் வேறு எதை எதிர்பார்ப்பது?

சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேலை தொடங்குமுன் தலைக்கு மேல் இருக்கும் பாறையை இரும்புக் கம்பியால் தட்டிக் கேட்க வேண்டும். கணீரென்றால் உள்ளே போகலாம். பொத்தென்றால் பாறை பிடி விட்டிருக்கிறது, பின்வாங்க வேண்டும். நகரத்துக்கு வந்து நீலசந்திராவில் குடியேறி, தோட்டத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்த பிறகு கம்பி மரச்சுத்தியலானது, பாறை அடிமரமானது. யாரும் அவரைத் தட்டச் சொல்லவில்லை. ஆனால் அவர் பொத்தென்று கேட்டதாகச் சொன்ன ஒரு குல்மொஹர் அடுத்த வாரமே மழையில் சாய்ந்தது. அதிலிருந்து தாவரவியலில் பட்டம் வாங்கிய அதிகாரிகளும் அவரை ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார்கள்.

தோட்டத்தின் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்கு ‘மரத்தோடு ஒரு மணி நேரம்’ என்று பெயர். மக்களுக்கும் இயற்கைக்கும் உறவு உண்டாக்குவது நோக்கம். மாலை நான்கு மணிக்கு முப்பது பேர் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஆளுக்கொரு மரத்தில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஓய்வு பெற்ற கோவிந்தராஜன் ஒரு வாரமும் தவறியதில்லை. கார் மேல் இலை கொட்டுகிறதென்று வீட்டு மாமரத்தை வெட்டியவர் அவர். இங்கே வந்து ஒரு கிழட்டு நாவல் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்வார். கூட்டிப் பெருக்க வேண்டியிராத மரத்தை நேசிப்பது சுலபம்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிறன்று அந்த நாவலைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது.

“என்னப்பா ரெமி, என் மரத்தைச் சிறை வெச்சிட்டே?”

“உள்ள ஒண்ணுமே இல்ல சார். காலி டப்பா. தட்டிப் பாத்தேன்.”

“உன் மண்டையத் தட்டினாலும் அப்படித்தான் கேக்கும்.”

“கேக்கும் சார். ஆனா என் மண்ட உங்க மேல வுழாது.”

நிகழ்ச்சியை நடத்தும் கன்னடப் பெண் தீபிகா சிரித்துவிட்டாள். “சும்னே சண்டை வேணாம். ரெமி அண்ணா, நீங்களே ஒரு நல்ல மரமா காட்டுங்க. எல்லாருமே அங்க உக்காரட்டும்.”

ரெமிஜியஸ் ஏழெட்டு மரங்களைத் தட்டிவிட்டு, பரந்து விரிந்த ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றார். கோவிந்தராஜனைக் காது வைத்துக் கேட்கச் சொல்லிவிட்டுத் தட்டினார்.

“அட, கணீர்னு இருக்கே!”

“இது இன்னும் நூறு வருசம் நிக்கும் சார். தகிரியமா குந்துங்க.”

ஏப்ரல் கடைசி ஞாயிறு. காற்றே இல்லை. நாலரை மணிக்கு அந்த மரத்தின் பக்கக் கிளை ஒன்று, லாரி நீளம் இருக்கும், முறிந்து விழுந்தது. இரண்டு பேருக்கு எலும்பு முறிவு. கோவிந்தராஜன் எழுந்திருக்கவில்லை. நாவல் மரம் கயிற்றுக்குள் பத்திரமாக நின்றது.

விசாரிக்க வந்த நிபுணர் பொறுமையாக விளக்கினார். கோடையில் நல்ல மரமும் திடீரென்று கிளையை விடும். நீண்டு கனத்த கிளை என்றால் கேட்கவே வேண்டாம். உள்ளே பொந்தான மரமோ குழாய் மாதிரி, பல காலம் நிற்கலாம்.

“அப்போ அடிமரம் நல்லாத்தான கீது சார்?” என்று ரெமிஜியஸ் கேட்டார்.

“அடிமரம் பிரமாதம்.”

சுரங்கத்தில் அவர் தட்டியது தலைக்கு மேல் இருந்ததை. இங்கே மரத்தின் காலைத் தட்டிவிட்டுத் தலைக்கு மேல் இருந்ததற்கு உத்தரவாதம் கொடுத்திருந்தார். பதினோரு ஆண்டும் அப்படித்தான். இத்தனை நாள் பலித்ததுதான் கேடு.

அலுவலக அறிக்கை இரண்டே வரி. இது இயற்கையின் செயல். பங்கேற்றவர்கள் மரத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். இரண்டாவது வரி ரெமிஜியஸைக் காப்பாற்ற தீபிகா சேர்த்தது. அலுவலகத்தையும் அது காப்பாற்றியதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

“யார் கேட்டாலும் இதையே சொல்லுங்க அண்ணா. வாய விட்டீங்கன்னா வேலையும் போகும், கேஸும் வரும்.”

வீட்டில் அவர் மனைவி மௌரீன் அதையே சுருக்கமாகச் சொன்னாள்: “மூடிக்கினு இரு.”

இருந்தார், பதினாறு நாள். பிறகு கோவிந்தராஜனின் மகள் வைஷ்ணவி வந்தாள். தூங்குமூஞ்சி மரத்தில் கிளை முறிந்த இடத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“அப்பா அந்த நாவல் மரத்தை விட்டு அசைய மாட்டாரே. இங்க எதுக்கு வந்தாரு?”

“அவங்கவங்க விருப்பம்தான் மேடம்,” என்றாள் தீபிகா.

கொஞ்சம் தள்ளி இலை கூட்டிக்கொண்டிருந்த ரெமிஜியஸ் துடைப்பத்தைக் கீழே போட்டார். “இல்லம்மா. நான்தான் இட்டாந்து குந்த வெச்சேன்.”

“அண்ணா!”

“அவருக்கு இஷ்டமே இல்ல. நான்தான் கயிறு கட்டி வெரட்டுனேன். இது நல்ல மரம்னு சொன்னேன்.”

வைஷ்ணவி திட்டவில்லை, திட்டியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். “இதை எழுதித் தருவீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

ஒரு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் இரண்டு முறை படித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “தேங்க்ஸ்,” என்றாள். பழக்கதோஷம். சொன்ன பிறகு இருவருக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அந்த வாரமே ஒப்பந்தக்காரரின் ஆள் வந்து அவருடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு போனான். வைஷ்ணவி வழக்குப் போட்டிருக்கிறாள். வழக்கில் ரெமிஜியஸ்தான் அவளுடைய ஒரே சாட்சி. பிரதிவாதிகள் பட்டியலில் மூன்றாவது பெயரும் அவருடையதே. வாய்தா நாளில் இருவரும் கோர்ட்டு வராந்தாவில் காத்திருக்கிறார்கள். அங்கே இருப்பது ஒரே பெஞ்சு. போன முறை அவள் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவர் உட்கார இடம் விட்டாள். அவர் நின்றுகொண்டே இருந்தார்.