மெருகு ஏறிய குன்று

அவர் கை பட்டால் பழசு புதுசாகும் என்று தெருவில் பேச்சு. நாற்காலி, அலமாரி, இறந்தவர்களின் கட்டில், எதுவானாலும் பாலிஷ் போட்டுத் தருவார். மனிதர்களிடம் பேச்சு குறைவு. வேலை நடக்கும்போது மரத்தைத் திட்டுவார். முகம் தெரியும்வரை தேய்க்காமல் எந்தப் பொருளையும் கையைவிட்டு அனுப்பமாட்டார்.

மனைவி படம் வரைகிறவள். சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணெய் வண்ணத்தில் நிலக்காட்சிகள் வரைவாள். யாரிடமும் கற்றதில்லை. வரைந்ததையெல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். மிஞ்சியது ஒன்றுதான்: ஓர் ஏரி, அதன் பின்னால் குன்று. இரண்டு வருடமாக அவள் கண் மங்கிக்கொண்டே வந்தது. உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் மிச்சப் பார்வையும் போய்விடும் என்றார் மருத்துவர். அதற்கு வீட்டில் வழியில்லை. கேட்கக்கூடிய இடத்திலெல்லாம் கணவர் கடன் கேட்டுப் பார்த்துவிட்டார்.

அப்போதுதான் படங்களையும் பழம்பொருள்களையும் மதிப்பிட்டு விற்கும் கடைக்காரர் ஆள் அனுப்பினார். அவள் படம் ஒன்றை எங்கோ பார்த்த ஒருவர், இன்னொன்று கிடைத்தால் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரரிடம் சொன்னாராம்.

மிஞ்சிய அந்தப் படத்தோடு இருவரும் போனார்கள். கடை மாடியில் இருந்தது. கடைக்காரர் படத்தை வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்ச் சாய்த்துப் பார்த்தார். பஞ்சை எதிலோ நனைத்து ஓரத்தில் ஒற்றினார்.

"இதுக்கு மேல என்ன பூசியிருக்கீங்க?"

"பாலிஷுங்க. அரக்கும் ஸ்பிரிட்டும். நம்ம கைவேலைதான்." குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "ரொம்ப மங்கிக் கிடந்துது. உங்ககிட்ட அப்படியே கொண்டு வரலாமா?"

மனைவி குரல் வந்த பக்கம் திரும்பினாள். "வீடே நாறுச்சே. எவனோட கட்டிலோன்னுல்ல நெனச்சேன்."

"ஸ்பிரிட் சாயத்தைக் கரைச்சிருக்கு ஐயா. மேல அரக்கு வேற இறுகிப்போச்சு. எடுத்தா மிச்சமும் சேர்ந்து வந்துடும்."

"குன்று இருக்கா?" என்றாள்.

"ஏரி இருக்கும்மா."

"நான் குன்றைக் கேட்டேன்."

கடைக்காரர் படத்தை மேஜைமேல் சாய்த்து வைத்தார். கணவர் படத்தின் அருகே போய் நின்றார். பளபளப்பில் அவர் முகம் தெரிந்தது.

"துணியில நீலமா வந்துச்சு," என்றார். "அழுக்குன்னு நெனச்சேன்."

"கல்யாணத்தன்னைக்கு என் மூஞ்சியைத் தேய்க்காம விட்டு வெச்சீங்களே, அதுவே பெரிசு."

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "அதே குன்றை மறுபடி வரைஞ்சு தர முடியுமாம்மா? வாங்குறவர் காத்திருப்பாரு."

"கண்ணு இருந்தா வரையலாம். அந்தக் கண்ணுக்குத்தானே இதை விக்க வந்தோம்."

கணவர் கடையைச் சுற்றிப் பார்த்தார். சுவரோரம் பழைய மேஜைகளும் மரச்சட்டங்களும் மங்கி நின்றன. கையெடுத்துக் கும்பிட்டார்.

"இதெல்லாம் என்கிட்ட குடுங்க. கண்ணாடி மாதிரி ஆக்கித் தரேன். கூலியை முன்னாடியே ஆஸ்பத்திரியில கட்டிடுங்க. காலம் முழுக்க இங்கயே உழைக்கிறேன்."

"கையை இறக்குங்க ஐயா." கடைக்காரர் அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "இங்க பழசு பழசா இருந்தாத்தான் விலை. மெருகு ஏத்துனா போச்சு."

அவர் கையை இறக்கவில்லை. மனைவி காற்றில் துழாவி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க போலாம். வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பினா நானே வழி பார்த்து நடந்துடுவேன்."