வெண்டைக்காய்க்கு ஜாகா

அந்த வெள்ளை ஹைலக்ஸ் வண்டியைப் பார்த்த அன்றைக்கே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரருக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை.

ஈப்போவுக்குப் பக்கத்தில், சிம்பாங் பூலாயிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில் நாங்கள் இருவரும் காய்கறி போடுகிறோம். தோட்டத்தை மூடிவிட்டு முதலாளிகள் போனபோது என் மாமனார் போக இடமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். லாலாங் புல்லோடு மல்லுக்கட்டித் தரையைப் பழக்கியவர் அவர்தான். கிராண்ட் என்கிற நிலப் பத்திரம் கிடையாது. பட்டா கேட்டு மனுப் போட்டே அவர் காலமும் முடிந்தது. இன்றைக்கும் எங்கள் வெண்டையும் பயற்றங்காயும் விடியும் முன்னே ஈப்போ மார்க்கெட்டுக்குப் போகின்றன. அதில்தான் அடுப்பு எரிகிறது.

கொஞ்ச நாளாக ஒரே திருட்டு. நாங்கள் பறிக்க வேண்டிய காயை எவனோ பறித்துக்கொண்டு போனான். காவலுக்கு ஒரு ஆள், ஒரு ஜாகா இருந்தால் தேவலை என்று இவர் புலம்பிக்கொண்டே இருந்தார். அந்த நேரம் பார்த்து ஹைலக்ஸ் வந்து நின்றது. இறங்கிய அதிகாரிகள் மரியாதையாகத்தான் பேசினார்கள். நாட்டில் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு வரக்கூடாதாம். அதனால் இங்கே ‘செக்குரித்தி மக்கானான்’ திட்டம் வருகிறது என்று மலாயில் சொன்னார்கள்.

மக்கானான் என்றால் சாப்பாடு. செக்குரித்தி என்றால் எங்கள் ஆட்களுக்குத் தெரியாதா? பாதிப் பேர் ஈப்போவில் பார்க்கிற வேலையே அதுதானே. தொப்பியும் விசிலும் போட்டுக்கொண்டு பேரங்காடி வாசலில் நிற்பது.

“பாத்தியா, நம்ம காய்க்கு கவர்மெண்டே ஜாகா போடுது லா” என்றார் இவர்.

அப்புறம் அந்த மனுஷனைப் பிடிக்க முடியவில்லை. தண்ணீர் வரும் ஓடையைக் காட்டினார், எல்லையைக் காட்டினார். அவர்கள் சிவப்பு மை தடவிய முளைக்குச்சிகளை எடுத்தபோது, தரை கெட்டி என்று சொல்லித் தன் சுத்தியலாலேயே அடித்து இறக்கினார். எல்லோருக்கும் இளநீர் வேறு. ஜாகா போடுவதற்கு நிலத்தை எதற்கு அளக்கிறார்கள் என்று மெதுவாகக் கேட்டேன். வேலி போடுவார்கள், உனக்கு எதில்தான் நம்பிக்கை இருக்கிறது என்று என் வாயை அடைத்துவிட்டார்.

ஓடைக்கு அந்தப் பக்கம் கீரை போட்டிருந்த சீனக் கிழவர்தான் எனக்கு விஷயத்தைச் சொன்னார். அவர் இடத்திலும் முதலில் இதே சிவப்புக் குச்சிதான் வந்ததாம். பிறகு நோட்டீஸ், பிறகு மண்வாரி இயந்திரம். அறுக்காத கீரையோடு சேர்த்து மண்ணைப் புரட்டிவிட்டார்களாம். மாட்டுத் தீவனச் சோளம் போட ஒரு கம்பெனிக்கு நிலம் போகிறதாம். செக்குரித்தி என்பது ஜாகா இல்லை, நாட்டின் சாப்பாட்டுக்குப் பாதுகாப்பு என்று அர்த்தமாம். அப்படியானால் நாங்கள் போடுவது சாப்பாடு இல்லையா? வீட்டுக்கு வந்து உலையில் அரிசி போட்டேனா இல்லையா என்றுகூட நினைவில்லை.

இவரிடம் சொன்னபோது முதலில் சிரித்தார். பிறகு எழுந்து போய் அந்தக் குச்சிகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டீர்களே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

இடத்தைக் காலி பண்ணச் சொல்லி எங்களுக்கும் நோட்டீஸ் வந்தது. அவகாசம் கேட்டு மனுக் கொடுத்தோம், பதில் இல்லை. ரோட்டில் எந்த லாரி சத்தம் கேட்டாலும் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்க்கிறேன். விதை வாங்கி வைத்திருக்கிறேன், போடுவதற்குக் கை வரவில்லை. காய்த்துக்கொண்டிருந்த வெண்டையை மட்டும் பறித்துக்கொண்டிருந்தோம்.

நேற்றுக் காலை வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் காய் பறிக்கப் போனால், தோட்டத்துப் பாதையின் குறுக்கே ஒரு கம்பம் போட்டிருந்தது. பக்கத்தில் தகரக் கொட்டகை. உள்ளேயிருந்து சீருடையில் ஒருவர் வந்தார். நம்ம ஆள்தான். தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து வருகிறாராம். இவரைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

“மன்னிச்சிருங்கண்ணே. உள்ள யாரையும் விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

இவர் அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“தம்பி, இன்னிக்குப் பறிக்கலன்னா வெண்ட முத்திப் போயிரும்” என்றார்.

ஜாகா தலையைக் குனிந்துகொண்டார். பின்னால் உட்கார்ந்திருந்த நான் இவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.